ஊறுகாய் பாட்டிலும் நான்கு கத்தரிக்கோல்களும்

இருபத்திரண்டு வருடம் தோல் வெட்டியிருக்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் டேபிளில் ஜன்னலோர இடம் என்னுடையது. விலை கூடிய ஷூவுக்கு எங்கள் கம்பெனியில் கையால்தான் வெட்டுகிறோம். தோலை விரித்து, அதன் மேல் ஷூவின் அளவுக்குச் செய்த தகட்டை வைத்து, தகட்டின் விளிம்பை ஒட்டிக் கத்தியை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்டால் சுலபமாகத் தெரியும், வந்து இழுத்துப் பார்த்தால் தெரியும் சங்கதி. இத்தனை வருடத்தில் கத்தி என் மேல் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. கடைசியில் என் வலது கையைக் கெடுத்தது ஒரு எலுமிச்சை ஊறுகாய் பாட்டில்.

மூடி திறக்கவில்லை. நியாயமாக அதை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் மோர்ச்சோறு சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். ஒரு மூடியிடம் நான் தோற்பதா என்று வலது கையால் பாட்டிலை இறுக்கிப் பிடித்து இடது கையால் திருகினேன். மூடி அசையவில்லை, பாட்டில் உடைந்தது. கண்ணாடி கட்டைவிரலின் அடியில் இறங்கி, உள்ளே என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் அறுத்துவிட்டது. வெட்டுக்காயத்தில் ஊறுகாய் எண்ணெய் இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கம்பெனியிலிருந்து பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள், எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: எந்த மிஷின்? ஊறுகாய் பாட்டில் என்றேன். துக்கம் விசாரிக்க வந்த முகங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டன. ஒருவன் மட்டும் என்ன ஊறுகாய் என்று கேட்டான், அதையும் சொன்னேன்.

கட்டிங் மாஸ்டரும் வந்தார். கண்டிப்பான மனிதர், சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட கையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எனக்குப் புரியும்படி சொன்னார்.

“பூட்ஸ் ஆர்டர் ஆரம்பிக்கிற வரைக்கும் உன் எடத்துல யாரையும் நிக்க வெக்க மாட்டேன். அதுக்குள்ள கைய சரி பண்ணிக்கினு வந்துடு.”

சரி பண்ணாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் கை போனவர்களைப் பேக்கிங்கில் போடுவார்கள். ஷூவுக்குள் காகிதம் திணித்து, அட்டைப்பெட்டியில் வைத்து, மூட வேண்டும். அதுவும் வேலைதான். ஆனால் நான் வெட்டுகிறவன். எனக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

தையல் பிரித்த பிறகு கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் காட்பாடிப் பக்கத்துக்காரி, வயதில் என் பாதி இருப்பாள். என்னை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே ஈவிரக்கமில்லாமல் வேலை வாங்குவாள். முதலில் ஸ்பாஞ்ச் பந்தை அமுக்கச் சொன்னாள். பிறகு துணி உலர்த்தும் கிளிப்புகளை ஒரு கம்பியில் மாட்டி மாட்டி எடுக்கச் சொன்னாள். ஒருநாள் சின்ன பாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்தாள். உள்ளே கட்டம் கட்டமாகத் துளை போட்ட வெள்ளைத் துணி, சிவப்பும் பச்சையுமாக நூல், ஒரு மொட்டை ஊசி, ரோஜாப்பூ படம் போட்ட காகிதம். கிராஸ் ஸ்டிச் என்றாள்.

இதற்கெல்லாம் வீட்டில் ஆள் இருக்கிறது என்று நான் சொன்ன நகைச்சுவை அவளிடம் எடுபடவில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்து சின்னப் பொருளைக் கிள்ளிப் பிடிக்கப் பழக வேண்டும், அதற்கு ஊசியைவிட நல்ல பொருள் கிடையாது என்று விளக்கினாள். தினமும் ஒரு மணி நேரம். ஊசியும் வலது கையில், கத்தரிக்கோலும் வலது கையில். சொந்தமாகக் கத்தரிக்கோல் வாங்கிக்கொள்ள வேண்டும். சின்னதாக, நுனி வரை கூராக இருக்க வேண்டும், பார்த்து வாங்குங்கள் என்றாள்.

தோல் வெட்டுகிறவனிடம், கத்தரிக்கோல் பார்த்து வாங்கு என்று சொல்கிறாள். ஆம்பூர் வரும்வரை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

முதல் கத்தரிக்கோலை எங்கள் ஊர் பஜாரில், கம்பெனிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். ஒரு சாண் நீளம், கறுப்புப் பிடி, நல்ல கனம். சின்னதாக வாங்கு என்று அவள் சொன்னதை அவளுக்கு அனுபவம் போதாது என்று தள்ளிவிட்டேன். கடையிலேயே ஒரு துண்டு மாட்டுத்தோலை வாங்கி வெட்டிப் பார்த்தேன், வெண்ணெயாக இறங்கியது. வீட்டுக்கு வந்து ரோஜாவின் முதல் இலையை ஒரு வாரம் மல்லுக்கட்டி முடித்து, துணியின் பின்பக்கம் தொங்கிய நூல் முனையை ‘நறுக்’ என்று வெட்டினேன். நூல் வந்தது. கூடவே இலையும் பாதி வந்தது. நூலை வெட்டுவதாக நினைத்து, அடியில் மடிந்திருந்த துணியையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன். மாட்டுத்தோலுக்கு இறங்கின கத்தரிக்கோலுக்கு நூல் எது துணி எது என்று தெரியவில்லை. தப்பு அதன்மேல் இல்லை என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்குச் சொல்லவில்லை.

அந்தப் பெண் ஓட்டையைப் பார்த்தாள். திட்டவில்லை, புதுத்துணி கொடுத்தாள். திட்டியிருக்கலாம்.

இரண்டாவதை வேலூரில், வளையலும் ஜரிகையும் மணியும் விற்கும் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினேன். உள்ளே முழுக்கப் பெண்கள். மீசை வைத்த ஒருத்தன் பூத்தையல் கத்தரிக்கோல் கேட்டதும் கடையே என் பக்கம் திரும்பியது. மனைவிக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்று கூசாமல் சொன்னேன். கொக்கு மாதிரி செய்து, தங்கமுலாம் பூசியது ஒன்று கொடுத்தார்கள். அலகுதான் கத்தரி, கால்தான் பிடி. பார்க்க அழகு. கொக்கின் காலிடுக்கில் என் சுண்டுவிரல் மட்டும் நுழைந்தது, அதுவும் சோப்புப் போட்டால்தான் திரும்பி வந்தது. அதோடு அது வெட்டவும் இல்லை. நூலை அலகுக்கு நடுவில் வைத்து மூடினால், நூல் இரண்டாக மடிந்து உள்ளே படுத்துக்கொண்டது. கொக்கைக் கொண்டுபோய் டிவி மேல் வைத்தேன். பொம்மைக்கு ஏற்ற இடம் அதுதான்.

இதற்குள் நான் விஷயத்தை சீரியஸாக எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் வீடியோக்கள் பார்த்தேன். என்னென்னவோ நாட்டுப் பெண்கள் கத்தரிக்கோலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கைகள் புரிந்தன. நல்ல கத்தரிக்கோல் எது என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை, ஆகையால் கேட்காமலே சொல்கிறேன்.

அலகு உங்கள் ஆள்காட்டி விரலில் இரண்டு கணு நீளத்துக்கு மேல் போகக் கூடாது. நடுவில் வெட்டிக் காட்டுகிற கடைக்காரனை நம்பாதீர்கள், நடுவில் எல்லாக் கத்தரிக்கோலும் வெட்டும். கடைசி நுனியில், ஒற்றை இழை நூலை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். கத்தரிக்கோலை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நுனியில் இரண்டு அலகும் ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். அடித்து இறுக்கிய ஆணியைவிட, கழற்றி முடுக்குகிற திருகாணி நல்லது. விரலை நுழைத்தால் மோதிரம் மாதிரி இறுக்கக் கூடாது, வளையல் மாதிரி ஆடவும் கூடாது. வாங்கிய பிறகு அதில் நூலைத் தவிர வேறு எதையும் வெட்டக் கூடாது. காகிதம் கூடாது, பால் பாக்கெட் கூடாது, மாத்திரை அட்டை கூடவே கூடாது. இதை என் மனைவியிடம் நான் இத்தனை தடவை சொன்னதில், நான் கத்தரிக்கோலைப் பற்றிப் பேசுகிறேனா குலதெய்வத்தைப் பற்றிப் பேசுகிறேனா என்று ஒருநாள் கேட்டாள்.

மூன்றாவது கத்தரிக்கோல் வேலூரிலேயே, ஆஸ்பத்திரிக்கு எதிரில் டாக்டர் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. எத்தனையோ முறை அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கண் ஆபரேஷனுக்கு எடுக்கும் கத்தரிக்கோல்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருந்தார்கள். நூல் கையோடு கொண்டுபோயிருந்தேன். பூத்தையலுக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, வேலைக்கு என்றேன். கடைக்காரர் என்னைக் கம்பவுண்டர் என்று நினைத்துக்கொண்டார். ஒற்றை இழையை நுனியில் வைத்து வெட்டினேன். சத்தமே இல்லை, நூல் இரண்டாகி விழுந்தது. இவ்வளவு நல்ல இரும்பை இத்தனை நாள் டாக்டர்கள் மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்களே என்று கோபம்கூட வந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நாலு கட்டம் தைத்து, நூலை வெட்டினேன். மடிந்தது. மறுபடி வெட்டினேன். மறுபடி மடிந்தது.

அடுத்த தடவை வேலூர் போனபோது கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் எடுத்து என் நூலையே வெட்டினார், வெட்டியது. என் கையில் கொடுத்தார். நானும் வெட்டினேன், வெட்டியது. வீட்டில் வெட்ட மாட்டேன் என்கிறது என்றேன். வீட்டில் வெட்டாததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, ஆனால் நான் நியாயம் கேட்கப் போகவில்லை. கொஞ்சம் சத்தம் போட்டேன். பேண்டேஜ் வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் சாணை பிடிக்கும் பாய் ஒருவர் இருக்கிறார், கட்டிங் டேபிள்காரர்கள் கத்தியெல்லாம் அவர் கை பட்டதுதான். அவரிடம் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சக்கரத்தில் வைக்காமலே திருப்பிக் கொடுத்தார். “இதுல பிடிக்கறதுக்கு இன்னா கீது? பேஜார் பண்ணாம போ” என்றார். அவர் எதிரிலேயே ஒரு நூலை வெட்டிப் பார்த்தேன், வெட்டியது. ஆனாலும் பாய்க்குக் கண் மங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். கத்தரிக்கோல் கடையில் வெட்டுகிறது, பாயிடம் வெட்டுகிறது, என் வீட்டில் மட்டும் வெட்டவில்லை. வீட்டில்தான் ஏதோ கோளாறு என்றுகூட ஒருநாள் தோன்றியது. ரோஜாவோ மேலே மேலே வளர்ந்துகொண்டிருந்தது. கீழே இருந்த இதழ்களுக்கு எட்டு நாள் ஆயிற்று, மேல் இதழ்கள் இரண்டு நாளில் முடிந்தன. கை தேறிவிட்டது என்று நான் மகிழ்ந்து போயிருந்தேன். மாஸ்டருக்குப் போன் செய்து, பூட்ஸ் ஆர்டருக்கு வந்துவிடுவேன், என் இடத்தைத் துடைத்து வையுங்கள் என்று சொல்லியும் விட்டேன்.

என் மனைவி வேறு ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் ஷூவின் மேல்பாகங்களை ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்த்து, சரியில்லாததைத் தூக்கி எறிவது அவள் வேலை. வீட்டிலும் அவளுக்கு அந்தக் கண்தான். அதனாலேயே ரோஜாவை அவளிடம் காட்டாமல் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது துணி அவள் கையில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத யாரு தெச்சுக் குடுத்தாங்க?” என்றாள்.

நான்தான் என்றேன். அவள் நம்பவில்லை. கீழே பாதியை ஒருத்தர் தைத்திருக்கிறார், மேலே பாதியை இன்னொருத்தர் தைத்திருக்கிறார், தன் டேபிளுக்கு இது வந்திருந்தால் அப்போதே தள்ளியிருப்பேன் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் யாரையாவது பிடித்துத் தைக்க விடுகிறேனா, அந்தக் காட்பாடிப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்து இங்கே பீற்றிக்கொள்கிறேனா என்று அவள் சந்தேகம் எங்கெங்கோ போனது. பிள்ளையார் மேல் ஆணையாக நான்தான் என்றேன். அவள் துணியை என் முன்னால் போட்டு விரலால் காட்டினாள்.

கிராஸ் ஸ்டிச் என்பது ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு. மேலே வருகிற கோடு எந்தப் பக்கம் சாய்கிறதோ, துணி முழுக்க அந்தப் பக்கமே சாய வேண்டும். ரோஜாவின் கீழ் இதழ்களில் மேல்கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நடுவில் நாலைந்து வரிசை இரண்டும் கெட்டானாக இருந்தது. அதற்கு மேலே எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தோலில் உண்ணி கடித்த தழும்பை, முள்வேலி கீறிய கோட்டை, பத்தடி தூரத்திலிருந்து சொல்கிறவன் நான். இதை ஒன்றரை மாதம் மடியில் வைத்துக்கொண்டிருந்து பார்க்கவில்லை.

“தைங்க, பாக்கறேன்” என்று எதிரில் உட்கார்ந்தாள்.

தைத்தேன். ஒரு வரிசை ஒழுங்காகவே வந்தது. முடிந்ததும் டாக்டர் கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினேன். வழக்கம்போல மடிந்தது. பார், இதுதான் இந்தக் கத்தரிக்கோலின் லட்சணம் என்று அவளிடம் நீட்டினேன். அவள் கத்தரிக்கோலைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தக் கைல வெட்டனீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். கத்தரிக்கோல் இடது கையில் இருந்தது. ஊசியும் இடது கைப் பக்கம்தான் கிடந்தது. வலது கை துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மடியில் சும்மா கிடந்தது.

எப்போது மாறியது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கட்டுப் போட்டிருந்த நாட்களில் ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சாப்பிடப் பழகியிருந்தேன். சட்டை பொத்தான், பக்கெட், பஸ் கம்பி என்று ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஊசியும் போனதில்தான் ரோஜாவின் சாய்வும் மாறியிருக்கிறது. கடையிலும் பாயிடமும் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வலது கையால், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே ஒரு வெட்டு வெட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் வலித்த கை தன் பாட்டுக்கு ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. வலது கைக்காகச் செய்த கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், இறுக்க இறுக்க அலகு விலகத்தான் செய்யும், நூல் மடியத்தான் செய்யும். இது கட்டிங் டேபிளில் எந்த மடையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அது என் கையாக இருக்கும் என்றுதான் தோன்றவில்லை. கொக்கையும் கடைக்காரரையும் பாயையும் சந்தேகப்பட்ட நான் என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை.

அன்றைக்கு நான் அழுதேன். கை அறுந்த அன்று அழாதவன், மொட்டை ஊசியைப் பார்த்து அழுதேன். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் அழுவதைப் பார்க்கக் கூடாது என்று போனாள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த முறை வேலூரில் அந்தப் பெண்ணிடம் துணியைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. என் கை மாறுவதை இங்கே பயிற்சியிலும் பார்த்ததாகவும், வலது கையிலேயே செய்யுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னதாகவும் சொன்னாள். சொல்லியிருக்கிறாள்தான். நான் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறேன். பிறகு ஏதோ கருவியை வலது கையில் கொடுத்து அழுத்தச் சொல்லி, முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள்.

கத்தி பிடிக்க முடியுமா, நேராகச் சொல்லு என்றேன்.

“எழுதலாம், சாப்பிடலாம், வண்டி ஓட்டலாம். தோல்ல கத்திய இழுக்கற அளவுக்கு இந்தக் கட்டவெரல்ல பலம் வராதுண்ணா. வரும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

வெளியே வந்து கடைத்தெருவில் நின்றேன். ஆம்பூர் பஸ் ஒன்று போனது, ஏறவில்லை. இன்னொன்று போனது, அதிலும் ஏறவில்லை. பேக்கிங்கில் காகிதம் திணித்துக்கொண்டிருப்பதைப் பற்றி நினைத்தேன். என் இடத்தில் நிற்கப் போகிறவனை நினைத்து, அவன் யாரென்றே தெரியாமல், அவனைத் திட்டினேன். பிறகு கால் தானாக எதிர்க்கடைக்குப் போனது.

டாக்டர் சாமான் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், இன்றைக்கு என்ன சத்தமோ என்று. இடது கைக் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என் கைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடது கைப் பழக்கமுள்ள டாக்டர்கள் எப்போதாவது கேட்பார்கள் என்று உள்ளே போய், தூசி தட்டி, ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தார். என் சட்டைப்பையில் நூல் இருந்தது. இடது கையில் பிடித்து, ஒற்றை இழையை நுனியில் வைத்து மூடினேன். நூல் விழுந்தது. இன்னொன்று வெட்டினேன். கடைக்காரர் மேஜை முழுக்கச் சிவப்பு நூலாக வெட்டித் தள்ளினேன். அவர் தடுக்கவில்லை. முதல் தடவையாக ஒரு கத்தரிக்கோல் என் கைக்குச் சரியாக இருந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் கத்தியை எடுத்தேன். எங்கள் டேபிளில் ஒருத்தன் கத்தியை இன்னொருத்தன் தொட மாட்டான், இரவல் கேட்கவும் மாட்டான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கழிவுத் தோலில் மெல்லிய நாடா சீவி, ஈரத்தோடு கைப்பிடியில் சுற்றிக்கொள்வோம். அது காய்ந்து, வியர்வை ஏறி, பிடிக்கப் பிடிக்க நம் கைக்கு மட்டும் பொருந்துகிறபடி பள்ளம் விழுந்துவிடும். விரல் வைத்தாலே யாருடைய கத்தி என்று தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து மெழுகுத்துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன்.

இடது கையில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மேடு, மற்ற விரல்களுக்குக் கீழே வேறு யாருடைய விரல்களோ படுத்திருந்தன. எப்படித் திருப்பிப் பிடித்தாலும் கத்தி என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. மாஸ்டரைக் கூப்பிட்டேன். வலது கை வராது, இடது கையில் பழகிக்கொண்டு வருகிறேன், ஜன்னலோர இடம் வேண்டாம், என் கை நிழல் வெட்டுகிற கோட்டில் விழும், எதிர்ப்பக்கம் கடைசி இடத்தைக் கொடுங்கள் என்றேன். இடது கையில் தோல் வெட்டுகிறவனை அவர் பார்த்ததில்லையாம். நானும் பார்த்ததில்லை என்றேன். ஒரு தோல் கொடுப்பேன், வெட்டிக் காட்டு, வீணாக்கினால் பேக்கிங் என்றார். போனை வைத்தேன்.

முதலில் அந்தப் பழைய நாடா போக வேண்டும். நகத்தால் பிய்த்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் இறுகியது, கட்டையாகவே ஆகியிருந்தது. அரிவாள்மனையில் வைத்தால் பிடியும் சேர்ந்து போகும். அதன் சுற்றுக்கு அடியில் நுழைகிற அளவு மெல்லிய நுனியும், இடது கைக்கு ஏற்ற பிடியும் உள்ள பொருள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டப்பாவிலிருந்து எடுத்தேன். அப்போது மனைவி வேலை முடிந்து உள்ளே வந்தாள். புதுக் கத்தரிக்கோலையும் பார்த்தாள், அதன் நுனி எங்கே நுழையப் போகிறது என்பதையும் பார்த்தாள். பால் பாக்கெட் வெட்டக் கூடாது, காகிதம் வெட்டக் கூடாது என்று மாதக்கணக்கில் என்னிடம் பாட்டு வாங்கியவள். திட்டப் போகிறாள், அதில் தப்பே இல்லை என்று நினைத்தேன்.

அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். ஒரு துண்டை எடுத்துக் கத்தியின் அலகு மேல் சுற்றி, அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“வெட்டுங்க” என்றாள்.

முதல் சுற்றுக்கு நுனியைக் கொடுத்து இறுக்கினேன். ஏதோ உடைகிற சத்தம் கேட்டது, நாடாவா கத்தரிக்கோலா என்று பார்க்கவில்லை. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. ஒவ்வொன்றாகப் பிரிந்து அவள் மடியில் விழுந்தது. பாதியில் கத்தரிக்கோல் மொக்கையாகிவிட்டது, மீதியை மென்று மென்றுதான் வெட்டியது. கடைசிச் சுற்றும் வந்த பிறகு கைப்பிடி வெறும் கட்டையாக, வெளிறிப்போய், எந்த விரலையும் அறியாததாக இருந்தது. ரோஜாவுக்கு இன்னும் ஓர் இலை பாக்கி இருக்கிறது என்று அவள் நினைவுபடுத்தினாள். புது நாடாவை நனைத்து வைத்திருந்தேன். அதன் ஒரு முனையை அவள் கட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் இடது கையால் சுற்ற ஆரம்பித்தேன்.